கல்வி உளவியலும் மன்னார்குடி சம்பந்தமும்

“ஆளு வந்துருச்சு,” என்றார் சாமிதுரை. ஜன்னல் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“யாரு?” என்று அடுப்படியிலிருந்தே கேட்டாள் அவர் மனைவி அம்சவல்லி.

“யாரா? மன்னார்குடி ஆளுதான். கேட்டுக்கு வெளியில நிக்கிது. பொம்பளப் புள்ள. தோள்ல பை, கையில பேனா. வீட்டை மேலேருந்து கீழ வரைக்கும் பாக்குது.”

“வீட்டு நம்பரைப் பாக்குதோ என்னமோ.”

“நம்பரைப் பாக்குற பார்வையா அது? அளவெடுக்குற பார்வை. என் சட்டையை எடு, சீக்கிரம்!”

சாமிதுரையின் பதற்றத்தில் நியாயம் இருந்தது. அவருடைய மகன் பரிதி ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் இன்ஜினியர். நல்ல சம்பளம், கெட்ட பழக்கம் கிடையாது, தலையில் முடிகூட இருக்கிறது. அப்படியிருந்தும் கூடிவந்த இரண்டு சம்பந்தம் தட்டிப்போயிருந்தது. இரண்டையும் தட்டிவிட்ட பெருமை சாமிதுரையையே சேரும்.

தஞ்சாவூர்ப் பக்கம் பெண் கொடுக்கிறவர்கள் மாப்பிள்ளை வீட்டார் சொல்வதை நம்பமாட்டார்கள். தரகர் சொல்வதைச் சுத்தமாக நம்பமாட்டார்கள். சொல்லாமல் கொள்ளாமல் ஒரு ஆளை ஊருக்குள் அனுப்பி விசாரிப்பார்கள். வந்த ஆள் தான் இன்னார் என்று வாயைத் திறக்காது. ஏதாவது ஒரு சாக்கு வைத்துக்கொண்டு வந்து, நாலு பேரிடம் பேச்சுக் கொடுத்து, குடும்பத்தின் வண்டவாளம் முழுவதையும் சுருட்டிக்கொண்டு போய்விடும்.

முதல் சம்பந்தத்துக்கு வந்தவர் கன்றுக்குட்டி வாங்க வந்ததாகச் சொன்னார். சாமிதுரை அவரை மாட்டுத் திருடன் என்று முடிவு கட்டி, பேசிக்கொண்டே அவருடைய பைக் சாவியை உருவி இடுப்பில் செருகிக்கொண்டார். இரண்டாவது சம்பந்தத்துக்கு வந்த இரண்டு பெண்கள் குடிக்கத் தண்ணீர் கேட்டார்கள். சாமிதுரை அவர்களிடம் ஆதார் கார்டு கேட்டார்.

மனிதர் கெட்டவர் அல்ல. சந்தேகப் பிராணி, அவ்வளவுதான். நெல் கொள்முதல் நிலையத்துக்குப் போனால் ஈரப்பதம் பார்க்கிற மெஷினைச் சந்தேகப்படுவார். மழை வரும் என்று டிவியில் சொன்னால், அப்படிச் சொல்வதால் யாருக்கு என்ன லாபம் என்று யோசிப்பார். காலையில் கிணற்றடியில் காக்கா உட்கார்ந்திருந்தால் அதைக்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்.

மூன்றாவதாக வந்தது மன்னார்குடி நெடுமாறன் வீட்டுச் சம்பந்தம். பெண்ணின் பெயர் செம்மொழி, எம்.எஸ்சி. படித்தவள். பரிதியும் அவளும் ஒருமுறை பார்த்துப் பேசி, இருவருக்கும் பிடித்துப்போயிற்று. “இதுவும் உங்களால போச்சுன்னா நான் இனிமே ஊர்ப்பக்கமே வரமாட்டேம்ப்பா” என்று பரிதி போனில் சொல்லிவிட்டான். ஆடி மாதம் குறுக்கே வந்ததால், ஆவணி பிறந்ததும் வந்து தட்டு மாற்றிக்கொள்வதாகப் பேச்சு.

“அந்த ஆடி மாசம்தான் அவங்களுக்கு விசாரிக்கிற மாசம்,” என்று எச்சரித்தவள் அம்சவல்லி. “எந்த வேஷத்துல வருவாங்கன்னு சொல்லமுடியாது. யாரு வந்தாலும் சிரிச்ச முகமா, கேட்டதுக்கெல்லாம் நல்லபடியா பதில் சொல்லுங்க. தயவுபண்ணி யார்கிட்டயும் ஆதார் கேக்காதீங்க.”

அன்றிலிருந்து சாமிதுரை கண்ணில் பட்டவர்களைப் பார்த்தெல்லாம் சிரித்தார். கரண்ட் ரீடிங் எடுக்க வந்தவருக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். கருவாடு விற்கிற அம்மாவை, “வெயில்ல அலையிறீங்களே, உக்காந்துட்டுப் போங்க” என்றார். அந்த அம்மா அதற்குப் பிறகு அந்தத் தெருவுக்கே வரவில்லை.

இப்போதுதான் நிஜமான ஆள் வந்திருக்கிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார் சாமிதுரை.

“வாங்கம்மா, வாங்க வாங்க. உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டு இருந்தோம்.”

அந்தப் பெண் திகைத்தாள். “என்னையா சார்?”

“இல்ல… பொதுவா. யாரு வந்தாலும் நாங்க எதிர்பார்ப்போம். அது எங்க குடும்ப வழக்கம்.”

அவள் பெயர் ஷீபா. தஞ்சாவூரில் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. கல்வி உளவியல் இரண்டாம் வருடம் படிப்பதாகச் சொன்னாள். வீட்டுச் சூழ்நிலை படிப்பை எப்படிப் பாதிக்கிறது என்று வீடு வீடாகப் போய் ஆய்வு செய்கிறாளாம்.

அடேயப்பா என்று நினைத்துக்கொண்டார் சாமிதுரை. கன்றுக்குட்டியில் ஆரம்பித்த வேஷம் இப்போது எம்.ஏ. வரைக்கும் வளர்ந்துவிட்டது.

“கல்வி உளவியல்னா என்னம்மா?” என்று நைசாக ஒரு தூண்டில் போட்டார்.

“ஒருத்தர் எப்படிக் கத்துக்கிறாங்க, எப்ப பழக்கத்தை மாத்திக்கிறாங்க, எதுக்கு பயப்படுறாங்க, இதையெல்லாம் படிக்கிறது சார்.”

நன்றாகத்தான் மனப்பாடம் செய்துகொண்டு வந்திருக்கிறது என்று மனதுக்குள் மெச்சிக்கொண்டார்.

அம்சவல்லி காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஷீபா ஒரு வாய் குடித்து, “சர்க்கரை இல்லாம, நல்லா இருக்கு ஆன்ட்டி” என்றாள். சாமிதுரைக்குப் பகீர் என்றது. சர்க்கரைக்குக்கூட வழியில்லாத வீடு என்று அங்கே போய்ச் சொல்லிவிட்டால்? “மூட்டை மூட்டையா சர்க்கரை இருக்கும்மா வீட்ல!” என்று கத்தியே விட்டார்.

ஷீபா பேனாவைத் திறந்தாள். “வீட்ல முக்கியமான முடிவெல்லாம் யார் எடுப்பாங்க சார்?”

“எல்லாரும் கலந்து பேசித்தான்.”

அடுப்படியில் ஒரு பாத்திரம் கீழே விழுந்தது.

“கோபம் வந்தா என்ன பண்ணுவீங்க?”

“கோபமா?” சாமிதுரை அந்த வார்த்தையை முதல்முறை கேட்பவர்போல யோசித்தார். “வந்தா சொல்லி அனுப்புறேம்மா.”

“சரி சார். இந்த வீட்ல மேல படிக்கணும்னு ஆசைப்பட்டு, படிக்க முடியாமப் போனவங்க யாராச்சும் இருக்காங்களா?”

சாமிதுரைக்கு மூளை பளிச்சென்று வேலை செய்தது. செம்மொழி எம்.எஸ்சி. படித்தவள். மேலே பிஎச்.டி. படிக்க ஆசை என்று தரகர் சொல்லியிருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு படிக்க விடுவார்களா என்பதைத்தான் மன்னார்குடிக்காரர்கள் இப்படிச் சுற்றி வளைத்துக் கேட்கிறார்கள்.

“எங்க வீட்டுப் பொம்பளைங்க எவ்வளவு வேணும்னாலும் படிக்கலாம்,” என்றார் மார்பை நிமிர்த்தி.

“ஆன்ட்டி என்ன படிச்சிருக்காங்க?”

“பி.ஏ., பி.எட். அதோட நிறுத்திருவோமா? மேல படிக்கப் போறா.”

“அப்படியா! என்ன படிக்கப் போறாங்க?”

அவருக்குத் தெரிந்த மேற்படிப்பு அந்த நேரத்தில் ஒன்றே ஒன்றுதான். “நீங்க படிக்கிறீங்களே, அதேதான்,” என்றார்.

ஷீபாவின் பேனா விறுவிறுவென்று ஓடியது. அடுப்படி வாசலில் வந்து நின்ற அம்சவல்லி, “என்னங்க சொல்றீங்க, நெசமாவா?” என்றாள். சாமிதுரை அவளைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார். அவள் அதைக் கவனிக்கவில்லை, அல்லது கவனிக்காத மாதிரி நின்றாள்.

ஷீபா கிளம்பியதும் சாமிதுரை சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போய், பஸ் ஸ்டாப் எதிரே உரக்கடை ஓரம் மறைந்து நின்றார். தஞ்சாவூர் பஸ் வந்தது. ஷீபா ஏறவில்லை. மன்னார்குடி பஸ் வந்தது. ஏறிக்கொண்டாள்.

வீட்டுக்குத் திரும்பி வந்து சைக்கிளை அப்படியே சுவரில் சாய்த்தார். “பாத்தியா? படிக்கிறது தஞ்சாவூர்ல, ஏறுறது மன்னார்குடி பஸ். இப்ப என்ன சொல்ற?”

“நடுவுல நீடாமங்கலத்துல வீடு இருக்கும்.”

“உனக்கு ஒலகம் தெரியல அம்சா. அது நெடுமாறன் அனுப்புன ஆளு. எழுதி வச்சுக்க.”

“அப்படின்னா அவகிட்ட சொன்ன வார்த்தையைக் காப்பாத்தணுமே?”

“எந்த வார்த்தை?”

“நான் படிக்கப் போறேன்னு சொன்னீங்களே.”

“அது சும்மா சொன்னதுடி!”

“சும்மா சொன்னதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சா? பொய்யி, பித்தலாட்டம் பண்ற குடும்பம்னு நெனைக்க மாட்டாங்க?”

சாமிதுரை துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவருக்கு இன்னொரு கவலை வந்துவிட்டது. அந்தப் பெண் அடுத்த தடவை வந்தால் பக்கத்து வீட்டில் விசாரிக்காமலா போவாள்?

பக்கத்து வீடு சிங்கராயர் வீடு. இரண்டு பேருக்கும் வயலும் பக்கத்துப் பக்கத்து வயல்தான். நடுவில் இருக்கும் வரப்பை யார் வெட்டி வெட்டிச் சுருக்கியது என்பதில் தகராறு வந்து, பல வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லை. சாமிதுரை நேராக அவர் வாசலில் போய் நின்றார்.

“சிங்கராயரே, அந்த வரப்போரம் இனிமே உங்களுது. நீங்களே வச்சுக்கங்க.”

சிங்கராயர் ஈஸிசேரை விட்டு எழுந்தேவிட்டார். “என்ன விஷயம்? டாக்டர் எதுவும் சொன்னாரா?”

விஷயத்தைச் சொன்னார் சாமிதுரை. சிங்கராயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “இவ்வளவுதானா? நீங்க கவலையை விடுங்கண்ணே. நான் பேசுற பேச்சுல அந்தப் பொண்ணு அழுதுக்கிட்டே போகணும்.”

அடுத்த வாரம் ஷீபா வந்தபோது முதலில் சிங்கராயர் வீட்டுக்குள்தான் போனாள். வெகுநேரம் கழித்து, கண்கள் விரிய இங்கே வந்தாள்.

“சார், வாரத்துல பாதி நாள் சமையல் நீங்கதானாமே! நீங்க ரசம் வச்சா தெருவே மணக்குமாமே!”

சாமிதுரை சுவருக்கு மேலே பார்த்தார். சிங்கராயர் அந்தப் பக்கம் நின்று கட்டை விரலை உயர்த்திக் காட்டினார். வரப்பைக் கொடுத்தது தப்பு என்று அப்போதே தெரிந்துவிட்டது.

“ஏதோ… கைக்கு வந்த மாதிரி வைப்பேன்,” என்றார்.

“அடுத்த தடவை சாப்பிட்டுப் பாக்கணும் சார். இப்ப இதைப் பாருங்க.” ஷீபா பையிலிருந்து பல்கலைக்கழகத்தின் விவரப் புத்தகத்தை எடுத்தாள். “ஆன்ட்டி சேரப் போறாங்கன்னு சொன்னீங்கல்ல? இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. நேரடியா ரெண்டு வருஷம் எம்.ஏ. படிக்கலாம். சனி ஞாயிறு மட்டும் போற மாதிரி ஒண்ணு இருக்கு. ஆலோசனைக்கு ஒரு வருஷ டிப்ளமோ இருக்கு. தொலைதூரக் கல்வியும் இருக்கு. எதுன்னு முடிவு பண்ணியிருக்கீங்க?”

சாமிதுரைக்குக் கடைசியாகச் சொன்னது காதில் தேனாகப் பாய்ந்தது. “தொலைதூரம்தான்! வீட்லயே இருந்து படிக்கலாம் பாருங்க.”

“ஆனா சார், தொலைதூரத்துல பொதுவான உளவியல்தான். கல்வி உளவியல் கிடையாது.”

“அதனால என்ன, எல்லாம் ஒண்ணுதானே.”

“நீங்க கல்வி உளவியல்னுதானே சொன்னீங்க,” என்றாள் அம்சவல்லி மெதுவாக.

“அப்ப அந்த ஒரு வருஷ டிப்ளமோ. சட்டுனு முடிஞ்சிரும்.”

ஷீபா நிமிர்ந்து பார்த்தாள். “ஏன் சார், ரெண்டு வருஷம்னா வீட்ல கஷ்டமா இருக்குமா?” பேனா முனை தாளைத் தொட்டது.

அந்தப் பேனா எழுதப் போவது சாமிதுரைக்குக் கண்ணுக்குத் தெரிந்தது. ‘இந்த வீட்டில் ஒரு வருடத்துக்கு மேல் பெண்களைப் படிக்க விடமாட்டார்கள்.’ அதை நெடுமாறன் படிக்கிறார். செம்மொழி படிக்கிறாள். பரிதி ஓசூரிலேயே கிடக்கிறான்.

“கஷ்டமா? யாருக்கு? ரெண்டு வருஷமே போடுங்கம்மா!”

“சனி ஞாயிறா, தினமும் போறதா சார்? தினமும் போறதுக்கு மட்டும் நேர்முகத் தேர்வு உண்டு. கொஞ்சம் கடுமையா கேப்பாங்க.”

சாமிதுரையின் முகம் மலர்ந்தது. அம்சவல்லி புத்தகத்தை மூடி எத்தனையோ வருடம் ஆயிற்று. நேர்முகத் தேர்வில் பேப்பே என்று முழித்துவிட்டு வெளியே வந்துவிடுவாள். நாமும் அனுப்பினோம், அவர்கள்தான் சேர்க்கவில்லை. பழியும் இல்லை, படிப்பும் இல்லை.

“தினமும் போறதுதான்,” என்றார் தாராளமாக. “படிக்கிறதை முழுசாப் படிக்கணும்.”

“உங்களை மாதிரி யாரையும் நான் பாத்ததில்ல சார்,” என்றாள் ஷீபா.

அன்று முதல் சாமிதுரை ரசம் கற்றுக்கொண்டார். முதல் ரசத்தைக் கோழிகூட மோந்துபார்த்துவிட்டுப் போயிற்று. இரண்டாவது ரசத்தில் புளியைக் கரைக்காமல் அப்படியே போட்டார். அம்சவல்லி பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் ஒரு பழைய உளவியல் பாடப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, “இப்ப பூண்டைத் தட்டிப் போடுங்க” என்று தலையைத் தூக்காமலே சொல்லிக்கொடுத்தாள். ஷீபா வந்து சாப்பிட்ட அன்று ரசம் உண்மையாகவே நன்றாக இருந்தது. சாதமும் பொரியலும்கூடப் பரவாயில்லை. ஷீபா இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதும், சாமிதுரை அப்பளத்தையும் தானே பொரித்தார்.

நேர்முகத் தேர்வு அன்று பைக்கில் இருவரும் தஞ்சாவூர் போனார்கள். அம்சவல்லியிடம் பட்டச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புதிதாக எடுத்த போட்டோ எல்லாம் ஒரு பையில் வரிசையாக இருந்தன. “பரவாயில்லையே, ஒண்ணும் தொலையாம வச்சிருக்கியே” என்று ஆச்சரியப்பட்டார். அதை மட்டும் அவர் சந்தேகப்படவில்லை.

அவள் உள்ளே போனதும் அவர் வராந்தாவில் உட்கார்ந்து, அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருவதற்காகக் காத்திருந்தார். வந்ததும் ஆறுதலாகச் சொல்ல இரண்டு வாக்கியம்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். ஆனால் வெளியே எட்டிப் பார்த்தவள் சாதாரண முகத்தோடு, “உங்களைக் கூப்பிடுறாங்க” என்றாள்.

“என்னையா? நானா படிக்கப் போறேன்?”

“வந்துதான் பாருங்களேன்.”

உள்ளே மூன்று பேராசிரியர்கள் இருந்தார்கள். நடுவில் இருந்த அம்மா கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சொன்னார்: “உங்க மனைவி நல்லா பதில் சொல்றாங்க. ஆனா இந்த வயசுல வந்து சேருறவங்க வீட்ல ஒத்துழைப்பு இல்லாம பாதியில நின்னுடறாங்க. ஒரு இடம் வீணாகுது. உண்மையைச் சொல்லுங்க சார். உங்களுக்கு இதுல முழுச் சம்மதமா?”

இதைவிட நல்ல வாய்ப்பு எந்தப் புருஷனுக்குக் கிடைக்கும்? கொஞ்சம் இழுத்தால் போதும். ‘வயல் வேலை இருக்குங்க, மாடு கன்னு இருக்குங்க’ என்று சொன்னால் முடிந்தது. சாமிதுரை வாயைத் திறந்தார். திறந்தபோது மேஜைக்குப் பின்னால் உதவிக்கு நின்று சான்றிதழ்களை அடுக்கிக்கொண்டிருந்த மாணவி நிமிர்ந்து பார்த்துச் சிரித்தாள். ஷீபா!

இங்கேயும் வந்துவிட்டாளே பாவி என்று அவருக்கு வேர்த்துவிட்டது.

“முழுச் சம்மதம்ங்க,” என்றார். ஷீபா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். “சமையல் நான் பாத்துப்பேன். மாட்டை நான் பாத்துப்பேன். தினமும் பஸ் ஸ்டாப்புல கொண்டுபோய் நானே விட்ருவேன். அவங்க படிச்சாப் போதும்.”

மூன்று பேராசிரியர்களும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “இப்படி ஒருத்தர் சொல்லி நாங்க கேட்டதே இல்ல,” என்றார் அந்த அம்மா. இடம் கிடைத்துவிட்டது என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

திரும்பும்போது அம்சவல்லி பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடியில் பார்த்தார். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன, தூசி விழுந்துருச்சா?”

“இல்ல. சந்தோஷமா இருக்கு.”

சாமிதுரைக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. கல்யாணம் பேச வந்தபோது, பொண்ணு மேலே படிக்கட்டும், வாத்தியார் வேலைக்குப் போகட்டும் என்று அவர்தான் சொன்னார். பிறகு பரிதி பிறந்தான், வெள்ளம் வந்தது, வீடு கட்டினார்கள். அடுத்த வருஷம் பார்த்துக்கலாம் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு கட்டத்துக்குப் பிறகு அவள் கேட்பதையே விட்டுவிட்டாள். வெட்கமாக இருந்தது அவருக்கு. வழியில் வண்டியை நிறுத்தி, அவள் கேட்காமலே கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தார்.

வகுப்புகள் தொடங்கின. காலையில் மாட்டுக்குத் தண்ணி காட்டி, உலை வைத்து, டப்பாவில் சாதம் கட்டி, மனைவியை பஸ் ஏற்றிவிட்டு வயலுக்குப் போனார் சாமிதுரை. மாலையில் அவள் சொல்வதைக் கேட்டு, மறுநாள் டீக்கடையில் அதையே தான் படித்ததுபோல விளக்கினார்.

“ரெண்டாவது வருஷம் சிறப்புப் பாடம் எடுக்கணும். கத்துக்கிறதுல சிரமப்படுற புள்ளைங்களைப் பத்தி ஒண்ணு இருக்கு. வழிகாட்டுறது, ஆலோசனை சொல்றதுன்னு ஒண்ணு இருக்கு. நான் முதல்லதை எடுக்கச் சொல்லியிருக்கேன். அப்புறம் பிஎச்.டி. அதுலயும் முழுநேரம், பகுதிநேரம்னு ரெண்டு வழி இருக்கு.”

“ஏன்ணே, பேசாம நீங்களே படிச்சிருக்கலாமே?” என்றார் சிங்கராயர்.

“ரசம் யாரு வைக்கிறது?” என்று கேட்டுவிட்டுக் கிளம்பினார் சாமிதுரை.

ஆனால் உள்ளுக்குள் பயம் போகவில்லை. ஷீபா என்ன எழுதிக் கொடுத்தாளோ, சர்க்கரை இல்லாத காப்பியைப் பற்றி என்ன சொன்னாளோ என்று ஆவணி பிறக்கிற வரைக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டே இருந்தது. மன்னார்குடியிலிருந்து ஒரு தகவலும் இல்லை. நாள் நெருங்க நெருங்க, தபால்காரரின் முகத்தைக்கூட உற்றுப் பார்க்க ஆரம்பித்தார்.

கடைசியில் நெடுமாறன் குடும்பத்தோடு வேன் வைத்துக்கொண்டு வந்து இறங்கினார். செம்மொழி வந்ததும் வராததுமாக அம்சவல்லியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய பாடப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தாள். பரிதி ஓசூரிலிருந்து வந்திருந்தான். அம்மா படிப்பதையும் அப்பா பரிமாறுவதையும் பார்த்து, வேறு யார் வீட்டுக்கோ வந்துவிட்டவன் போல ஓரமாக நின்றான். ஊர்ப் பெரியவர்கள் முன்னால் தட்டு மாற்றியாயிற்று. தை மாதம் கல்யாணம் என்று நாளும் குறித்தாயிற்று.

தட்டு மாறிய பிறகுதான் சாமிதுரைக்கு முழு மூச்சு வந்தது. இனிமேல் யார் என்ன சொன்னாலும் ஒன்றும் ஆகாது. சாப்பாட்டுப் பந்தியில் நெடுமாறனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தொடையை லேசாகத் தட்டினார்.

“சம்பந்தி, இப்ப சொல்லலாம்ல? நீங்க விசாரிக்க அனுப்புன ஆளு கெட்டிக்கார ஆளு. சும்மா சொல்லக்கூடாது. ஆனா அது வந்த அன்னைக்கே நான் கண்டுபிடிச்சிட்டேன். என்கிட்டயா?”

நெடுமாறன் கையிலெடுத்த சோற்றோடு அப்படியே பார்த்தார்.

“என்ன ஆளு?”

“அட, ஒளிக்காதீங்க சம்பந்தி. நாமதான் ஒண்ணாயிட்டோமே.”

நெடுமாறன் எதிர்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்சவல்லியைப் பார்த்தார். அவள் அவசரமாக இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

“நாங்க ஆளே அனுப்பலையே சம்பந்தி!” என்றார் நெடுமாறன். “ஆனிக் கடைசியிலயே உங்க வீட்டம்மா போன் பண்ணி, ‘ஆளெல்லாம் அனுப்பாதீங்கண்ணே, எங்க வீட்டுக்காரரோட கோளாறு எல்லாத்தையும் நானே சொல்லிடுறேன், ஆனா ஆளு வரும்ங்கிற பயம் மட்டும் யுனிவர்சிட்டியில எனக்கு இடம் கிடைக்கிற வரைக்கும் அவருக்கு இருக்கட்டும்’னு சொன்னாங்களே!”